மூன்றாம் மாடி வெளிச்சம்

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அந்த நோட்டீஸை ஒட்டிய அன்றே பல்லுக்காரர் அதைப் படித்துவிட்டார். கட்டடத்தின் முகப்பை மாற்றப்போகிறார்கள். சாலைப் பக்கம் ஆறு மாடிக்கும் துருத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட் சன்ஷேடுகளை அறுத்து எடுத்துவிட்டு, முகப்பு முழுவதையும் துளையிட்ட அலுமினியத் தகடுகளால் மூடப்போகிறார்கள். நகர வடிவமைப்புக் கமிட்டி அந்த டிசைனைப் பரிசீலிக்கும். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம். கீழே ஆர்க்கிடெக்டின் பெயர் இருந்தது. அதை அவர் ஒருமுறைதான் படித்தார். அவர் வைத்த பெயர்தான்.

கட்டடத்துக்கு அவரை விடச் சில வயதுதான் குறைவு. கட்டி முடித்த காலத்தில் ஊரே அண்ணாந்து பார்த்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு ஜன்னலும் ஓர் ஆழமான கான்கிரீட் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்டிகளுக்கு இடையே நீலக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த சுவர். இப்போது சில்லுகள் உதிர்கின்றன. உதிர்வது தலையில் விழாமலிருக்க வலை கட்டியிருக்கிறார்கள். வலைக்குள் புறாக்கள் எப்படியோ நுழைந்து, வெளியே வரத் தெரியாமல் செத்துக் கிடக்கின்றன. நடந்து போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் சாலைக்கு இறங்கி நடக்கிறார்கள்.

மூன்றாம் மாடியில், இடமிருந்து இரண்டாவது ஜன்னல் அவருடையது. அங்கே உட்கார்ந்துதான் வாழ்நாள் முழுவதும் பல் செட்டு செய்தார். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நிறம் பார்க்க மட்டும் ஆட்கள் நேரில் வருவார்கள். அவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மாதிரிப் பற்கள் கோத்த ஷேட் கைடை உதட்டோரம் பிடித்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். சன்ஷேடுகள் வெயிலை வெளியே நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டன. சாம்பல் கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் அந்த வெளிச்சத்துக்குச் சொந்தமாக எந்த நிறமும் இல்லை. அதில் பல்லின் நிறம் பல்லின் நிறமாகவே தெரியும்.

இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கண்ணில் அறுவை முடிந்து, மறு கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. டியூப் லைட்டின் கீழே எல்லோருடைய பல்லும் அவருக்கு ஒரே பல்தான். அந்த ஜன்னலில் மட்டும்தான் இன்னும் வித்தியாசம் தெரிந்தது. ஜன்னலை மூடினால் தொழிலையும் மூட வேண்டியதுதான்.

அது அவர் மகனுக்கும் தெரியும். கண்ணைப் பற்றி அல்ல, வெளிச்சத்தைப் பற்றி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஜன்னல் மேடையில் உட்கார்ந்துதான் அவன் படம் வரையப் பழகினான்.

"நீங்கதான் பேசணும்" என்றார் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த ஜெராக்ஸ் அக்கா. "எனக்கு வாடகை ஏறிடும்னுதான் பேச வரும். அது கமிட்டி காதுல ஏறாது. நீங்க வெளிச்சத்தைப் பத்திப் பேசுங்க. அந்தத் தலைவியம்மாவுக்குப் பழைய கட்டடம்னா உசுராம்."

"பேசிட்டாப் போச்சு."

"வெளிச்சத்தை மட்டும் பேசுங்க. உங்க வாயை எனக்குத் தெரியும். நாலு பேர் சிரிச்சா நீங்க நிறுத்த மாட்டீங்க."

 ஆர்க்கிடெக்ட் யார் என்று அவர் அக்காவிடம் சொல்லவில்லை.

அவருடைய வாய் ஊருக்கே தெரிந்ததுதான். மகன் படித்து முடித்து முதன்முதலாகக் கட்டியது ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை. காகிதத்தை மடித்தது போலக் கூரை, மெல்லிய இரண்டு தூண்கள். பத்திரிகையில் படம் வந்தது. மகன் அதற்காக வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தான். பேராசிரியர் ஒருவரும் வந்திருந்தார். எல்லோரும் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் கேட்டார்: "ரொம்ப அழகா இருக்குப்பா. மழை வந்தா எங்க போய் நிக்கணும்?" பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகு அந்த நிழற்குடைக்கு ஊரில் அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது.  மகன் காலி டம்ளர்களைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். அந்த மாதமே தனி வீடு பார்த்துப் போனான். அவன் அம்மா இருந்தவரை தொலைபேசி வந்துகொண்டிருந்தது. அவள் போன பிறகு அதுவும் நின்றது. பேசாமல் இருப்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

கமிட்டி கூடும் நாளன்று அறைக்கு வெளியே, நடைக்கூடத்தில், இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். மகன் அட்டையில் செய்த கட்டட மாடலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"பொதுமக்கள் வரலாம்னு போட்டிருந்ததே."

"நீங்க பொதுமக்களா?"

"வேற என்னன்னு நீதான் சொல்லேன்."

மகன் மாடலைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தான். "பேஸ்மென்ட்ல உங்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி பில்டிங் முதலாளிகிட்ட நானே பேசியிருக்கேன். நல்ல எல்இடி லைட்டாப் போட்டுத் தருவாங்க."

"பேஸ்மென்ட்ல வச்சு லைட் போடறது பொணத்துக்குப்பா."

"உங்க இஷ்டம்."

மாடல் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி அவன் உள்ளே போனான். வாசலில் உட்கார்ந்திருந்த எழுத்தர் பேசப்போகிறவர்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பம் போட்டவங்களுக்கோ ஆர்க்கிடெக்டுக்கோ நீங்க சொந்தமா?"

"நம்மளையெல்லாம் யாரு சார் சொந்தம்னு சொல்லிக்கறா?"

எழுத்தர் தலை நிமிராமலே, "சரி, இல்லை. உள்ள போங்க" என்றார்.

மேடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. அவருக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற பொறியாளர். மற்ற மூவரும் பெரும்பாலும் அந்தப் பொறியாளர் முகத்தைப் பார்த்தே கை தூக்குகிறவர்கள் என்று ஜெராக்ஸ் அக்கா காதில் சொன்னார்.

மகன் நன்றாகப் பேசினான். குரலை உயர்த்தவில்லை. சன்ஷேடுகளுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டை வெடிக்க வைத்திருக்கும் படங்களைத் திரையில் காட்டினான். உதிர்ந்த துண்டு ஒன்றை மேசைமேல் வைத்தான். எடுத்துப் பார்த்த பொறியாளர் விரலால் நசுக்கினார். அது பொடிந்தது.

"பழுது பார்க்கலாம். ஆனா பத்து வருஷத்துல திரும்ப இதே நிலைமைதான்" என்றான் மகன். "எங்க டிசைன்ல தகடுங்க வெயிலைத் தடுக்கும், காத்தை விடும். கட்டடத்தோட அளவு, வரிசை எதுவும் மாறாது. தரைத்தளக் கடைங்களுக்குச் சிவப்பு கிரானைட். மேல முழுக்க இந்த இதமான வெள்ளை."

கையளவு தகட்டு மாதிரி ஒன்றை மேடைக்குக் கொடுத்தான். அது கை மாறி மாறித் தலைவியிடம் வந்தது. அவர் அதை வாங்கினார். ஆனால் பார்க்கவில்லை.

"இந்தச் சன்ஷேடுங்கதான் அந்தக் கட்டடத்தோட முகம்" என்றார். "முகத்தை எடுத்துட்டு அளவு மாறலன்னா எப்படி? அந்த ஜன்னலுக்குப் பின்னால இருக்கறவங்க யாராவது வந்திருக்காங்களா? அவங்க பேசறதைக் கேக்காம நான் கை தூக்கறதா இல்லை."

பல்லுக்காரர் எழுந்து முன்னால் போனார். மைக் இருந்த மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பாக மாறும்வரை பேசலாம்.

அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். தான் செய்யும் தொழிலைச் சொன்னார். வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்றார். அந்த ஜன்னலில் காலையிலிருந்து மாலைவரை ஒரே மாதிரியான, நிறமில்லாத வெளிச்சம் விழுவதைச் சொன்னார். தலைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பொறியாளர்கூடப் பேனாவை மூடி வைத்துவிட்டார். அறை அமைதியானது. அந்த அமைதியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் அந்தத் தகட்டு மாதிரி கைக்கெட்டும் தூரத்தில், மேடையின் விளிம்பில் இருந்தது. அவர் அதை எடுத்தார். பக்கத்து ஜன்னலை நோக்கித் திருப்பிப் பிடித்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஷேட் கைடை வெளியே எடுத்தார். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகத் தகட்டின் ஓரத்தில் வைத்து நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றார்.

"இதமான வெள்ளைன்னு சார் சொன்னார்" என்றார். "எங்க தொழில்ல இதுக்கு ஏ-மூணுன்னு பேரு. ஐம்பது தாண்டினவங்களுக்கு, ஒரு நாளைக்குப் பத்து டீ குடிக்கிறவங்களுக்கு வைப்போம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மகனின் முகம் மாறியதை அவர் பார்த்தார். ஜன்னல் மேடையில் உட்கார்ந்து படம் வரைந்த பையன் சும்மா இருக்கும் நேரத்தில் இந்த ஷேட் கைடை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடியது அவர் நினைவுக்கு வந்தது. அந்த நிறத்தை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது புரிந்தது. தெரிந்து எடுத்தானோ தெரியாமல் எடுத்தானோ, ஊரின் நடுத் தெருவில் ஆறு மாடி உயரத்துக்குப் பூசுவதற்கு அவனுக்குத் தோன்றிய நிறம் அதுதான். ஒரு கணம் அவர் ஷேட் கைடைக் கீழே இறக்கினார். அந்தக் கணம் போய்விட்டது. நாக்கு அதைவிட வேகமாக இருந்தது.

"மாடலையும் பாருங்க. கீழ செவப்பு கிரானைட்டு, அது ஈறு. மேல நெட்டு நெட்டா தகடு, அது பல்லு. சார் கட்டடத்துக்குப் பல் செட்டு மாட்டறார். ராத்திரியானா கழட்டித் தண்ணியில போடணுமா, அதையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அறையே வெடித்தது. பொறியாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடலை இனி யாராலும் வேறு மாதிரி பார்க்க முடியாது. மேசையில் விளக்கு சிவப்பானது.

ஜெராக்ஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிஞ்சுது. ஆனா உங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் தரேன்" என்றார் தலைவி. "வெளிச்சத்தைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்களே, அதை முடிங்க. அந்தத் தகடு வந்தா உங்க தொழில் என்ன ஆகும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகன் எழுந்துவிட்டான்.

"தலைவர் அவர்களே, ஒரு விஷயம். ஆர்க்கிடெக்டோட உறவினர்கள் இங்க பேசக் கூடாதுன்னு விதி இருக்கு. இவர் பேசினது செல்லாது." கொஞ்சம் நிறுத்தினான். "இவர் எங்க அப்பா."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அறையில் சிரிப்பு அங்கங்கே அறுந்து விழுந்தது.

மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர், இளம்பெண், அவன் முழங்கையைத் தொட்டாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அவர்கள் முன்னாலிருந்த மைக் அணைக்கப்படவில்லை.

"சார், உங்க அப்பா தவறிட்டார்னுதானே சொன்னீங்க?"

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை மட்டும் அணைத்தான்.

தலைவி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர், "வாசல்ல கேட்டேங்க. இல்லைன்னுதான் சொன்னார்" என்றார்.

"ஐயா" என்றார் தலைவி. இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "இங்க யாரோட குடும்பத்தையும் நாங்க தோண்ட முடியாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதை எடுத்துக்கறோம். அவர் உங்க மகன் இல்லைன்னா, நீங்க பேசினது அப்படியே நிக்கும். எனக்கு அது வேணும், உண்மையைச் சொன்னா. மகன்தான்னா, அத்தனையையும் நீக்கச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்க."

அவர் ஷேட் கைடைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.   இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனே ஊரெல்லாம் அப்பா இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறான். செத்துப்போன ஒருவன் தனக்கு மகனில்லை என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? ஜன்னல் இருக்கும். கடைசிவரை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் அவரைப் பார்க்காமல் மாடலின் மேல் இல்லாத தூசியைத் தட்டினான். அவர் எதைச் சொன்னாலும் அவனுக்கு ஒன்றுதான் என்பது போல இருந்தது.

"செத்தவன் நல்லா இருக்கேன்மா" என்றார் பல்லுக்காரர். "என் பையன்தான். சாட்சி வேணும்னா அவனைச் சிரிக்கச் சொல்லுங்க. மேல்வரிசை, முன்பல்லு, இடப்பக்கம். அது அவனுக்கு முளைச்சது இல்ல, நான் செஞ்சது. பிறவியிலேயே அந்தப் பல்லு கிடையாது. இன்னிக்கு வரைக்கும் யாருக்காவது தெரிஞ்சுதா, கேளுங்க. அந்த ஜன்னல்ல வச்சுக் கலர் பார்த்தேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் மகனின் வாயைப் பார்த்தார்கள். உதவியாளர் பெண்ணும் பார்த்தாள். அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். அதன் பிறகு அந்தக் கூட்டம் முடியும்வரை அவன் பேசும்போதெல்லாம் கை தானாக வாய்ப்பக்கம் போனது.

தலைவி தலையைக் குனிந்துகொண்டார். "இவர் சொன்னதெல்லாம் நீக்கப்படுது" என்றார். "உறுப்பினர்கள் கேக்காத மாதிரியே நினைச்சுக்கணும்." வேறு யாராவது பேச விரும்புகிறார்களா என்று கேட்டார். ஜெராக்ஸ் அக்கா எழுந்து வாடகையைப் பற்றிப் பேசினார். அது காதில் ஏறவில்லை.

தலைவியைத் தவிர நால்வரும் கை தூக்கினார்கள். டிசைனுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. நிறத்தை மாற்ற வேண்டும். அந்த வெள்ளையை இனிமேல் பார்க்க முடியாது என்றார் பொறியாளர், மறுபடி சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டே. நீக்கப்பட்ட பேச்சில் அது மட்டும் எப்படியோ நீங்காமல் நின்றுவிட்டது.

"வழக்கம்போல ஒரு ஜன்னலுக்கு மட்டும் மாதிரி மாட்டிக் காட்டுங்க. எதிர்ல நின்னு பார்த்துட்டு நிறத்தை முடிவு பண்ணலாம்" என்றார் தலைவி. "எந்த ஜன்னல்?"

மகன் யோசிக்கவில்லை. "மூணாவது மாடி. இடமிருந்து ரெண்டாவது."

ஜெராக்ஸ் அக்கா பல்லுக்காரரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார். படியிறங்கும்போது, "உங்க பையன்னு எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க. ரெண்டுல எதையும் உருப்படியாச் செய்யல நீங்க."

"சிரிச்சாங்கல்ல?" என்றார் அவர்.

அக்கா அவர் கையை விட்டுவிட்டார்.

வேலையாட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த ஒரு ஜன்னலின் சன்ஷேடை மட்டும் அறுத்தார்கள். அறுக்கும்போது அவர் அறைக்குள் இருந்தார். சாம்பல் தூசி வந்து மேசைமேலும் பாதி முடித்த பல் செட்டுகள் மேலும் படிந்தது. சன்ஷேட் போன பிறகு சிறிது நேரம் நேரடி வெயில் உள்ளே வந்து அறையையே எரித்தது. பிறகு தகடு வந்தது. கரும்பச்சை. துளைகளின் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அவர் ஷேட் கைடைக் கையில் பிடித்துப் பார்த்தார். எல்லாப் பற்களும் பாசி படிந்த ஒரே நிறத்தில் இருந்தன. டியூப் லைட்டைப் போட்டார். பிறகு அணைத்தார்.

நிறம் பார்க்க வந்தவர்களை அவர் கீழே தெருவுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். எதிர்ப்பக்க நடைபாதையில், கடைகளின் வெயில் மறைப்பு எதுவும் இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். தெருவில் நின்று வாயைத் திறப்பதற்குப் பலர் கூச்சப்பட்டார்கள். சிலர், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகள் குறைந்தன.

கமிட்டி பார்க்க வந்த காலையில் அவர் அங்கேதான் நின்றிருந்தார். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடி வாயைத் திறந்திருந்தாள். அவர் ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்து மேலே தூக்கி, மறு கையால் ஷேட் கைடை உதட்டோரம் நகர்த்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் அன்று நன்றாக இருந்தது. ஏ-இரண்டா, ஏ-மூன்றா என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டார்.

கார் வந்து நின்றது. தலைவி, பொறியாளர், மற்ற மூவர், கேமராவோடு உதவியாளர் பெண், கடைசியாக மகன். எல்லோரும் நடைபாதையில் நின்று மேலே பார்த்தார்கள்.

"பச்சை பரவாயில்ல. கண்ணை உறுத்தல" என்றார் பொறியாளர்.

தலைவி மேலே பார்த்துவிட்டு, பிறகு பல்லுக்காரரைப் பார்த்தார்.  கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார்.

உதவியாளர் பெண் கேமராவை உயர்த்தி, இடம் பார்த்து, பின்னால் நகர்ந்து, மறுபடி இடம் பார்த்தாள். தயங்கினாள். மகன் அவள் தோளுக்கு மேலாகக் கேமராத் திரையைப் பார்த்தான். பிறகு நடந்து வந்தான்.

"ஐயா" என்றான். "ஃபோட்டோவில விழறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பல்லுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். பேசும்போது அவன் கை இன்னும் வாய்ப்பக்கம் போயிற்று. அவருக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. நல்ல பேச்சு. கேட்டால் பொறியாளர் நிச்சயம் சிரிப்பார். அவர் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தாடையை விடாமல், அவளையும் சேர்த்து, ஓரடி, இன்னோரடி என்று பின்னால் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றான் மகன்.

நகர்ந்தார். கடையொன்றின் மறைப்பு நிழல் அவள் முகத்தின்மேல் விழுந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள், வாயை மூடாமலே.

அவர் ஷேட் கைடைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு அவள் பல்லருகே. பிறகு மறுபடியும் கண்ணருகே.

"முடிஞ்சுதும்மா" என்றார்.